வாடகைக்கு விட்டுக் காப்பாற்றிய படைத்தளம்: சான் ஃபிரான்சிஸ்கோ பிரசிடியோ

கோல்டன் கேட் பாலத்தின் தெற்கு முனை இறங்கும் இடம் பிரசிடியோ. சான் ஃபிரான்சிஸ்கோவின் வடமேற்கு மூலையில் சுமார் 1,490 ஏக்கர். ஓலோனி பூர்வகுடி மக்கள் வாழ்ந்த அந்த மண்ணில் 1776இல் ஸ்பானியர்கள் படைவீடு அமைத்தார்கள். 1820களில் அது மெக்சிகோ கைக்குப் போனது. 1846இல் அமெரிக்கப் படை வந்து உட்கார்ந்தது. 1994 செப்டம்பர் 30 அன்று ராணுவம் சாவியை ஒப்படைத்தபோது 218 ஆண்டு பாசறை வாழ்க்கை முடிந்தது. விட்டுச் சென்றது சுமார் 800 கட்டடங்கள், ராணுவமே நட்டு வளர்த்த ஒரு காடு, பழைய விமானத் திடல் ஒன்று. அப்புறம், மண்ணுக்குள் எண்ணெயும் ஈயமும்.

இன்று அங்கே ஏறத்தாழ 3,000 பேர் குடியிருக்கிறார்கள். அலுவலகங்கள், அருங்காட்சியகம், தங்கும் விடுதிகள், நடைபாதைகள் எல்லாம் இருக்கின்றன. படைத்தளத்தை மரபு வட்டாரமாக மாற்றியதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இடம் இதுதான். ஆனால் புகழ்பவர்கள் பெரும்பாலும் கட்டடங்களின் அழகைப் பற்றியும் மக்களின் வரலாற்றுப் பற்றைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். என் கணக்கில் பிரசிடியோவைக் காப்பாற்றியவை இரண்டு: 1972இல் ஒரு சட்டத்துக்குள் செருகப்பட்ட ஒரு விதி, 1996இல் இன்னொரு சட்டம் வைத்த கெடு. மீதி எல்லாம் இந்த இரண்டின் விளைவு, நல்லதும் கெட்டதுமாக.

இருபது ஆண்டுக்கு முன்பே போட்ட முடிச்சு

1962லேயே பிரசிடியோ தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. கௌரவம்தான். ஆனால் அந்தப் பட்டம் நிலத்தின் உரிமையைத் தொடவில்லை. ராணுவம் போன பிறகு நிலம் யாருக்கு என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் 1972இல் வந்தது. கோல்டன் கேட் தேசிய பொழுதுபோக்குப் பகுதியை உருவாக்கும் சட்டத்தை முன்னின்று நடத்தியவர் சான் ஃபிரான்சிஸ்கோ நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிலிப் பர்ட்டன். பிரசிடியோ என்றைக்காவது ராணுவத்துக்குத் தேவையில்லை என்று ஆனால் அது இந்தப் பூங்காவோடு சேர்ந்துவிடும் என்று அதில் ஒரு விதியைச் சேர்த்தார். ஆறாம் படையின் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது. ராணுவம் கிளம்பும் என்று யாரும் நினைக்காத காலம் என்பதால்தான் அந்த விதி பெரிய சண்டை இல்லாமல் நிறைவேறியது என்று நினைக்கிறேன். பனிப்போர் தணிந்து, 1988இல் தளங்களை மூடுவதற்கான ஆணையம் போட்ட பட்டியலில் பிரசிடியோவின் பெயரும் வந்தது. அப்போதுதான் பழைய விதியின் அருமை தெரிந்தது.

மூடப்படும் ஒரு தளத்துக்கு வழக்கமாக நேர்வது வேறு. முதலில் மற்ற அரசுத் துறைகளைக் கேட்பார்கள், அப்புறம் உள்ளாட்சி, கடைசியில் மனைத்தொழில். உலகத்திலேயே விலை கூடிய நகரங்களில் ஒன்றில், கடலைப் பார்த்த 1,490 ஏக்கர் நிலம் அந்த வரிசையில் நின்றிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பூங்காவா, சுமையா?

சிக்கல் நிலம் கைமாறிய பிறகுதான் தொடங்கியது. தேசியப் பூங்காத் துறைக்கு மலையும் மரமும் பழக்கம். 800 கட்டடங்களும் தெருக்களும் குழாய்களும் கொண்ட ஒரு சிற்றூர் பழக்கமில்லை. இதை ஏற்றால் நாட்டிலேயே அதிகச் செலவு பிடிக்கும் பூங்கா இதுவாகிவிடும் என்று வாஷிங்டனில் குரல் எழுந்தது. விற்றுவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள்.

இதற்கு ஒரு சமரசமாகத்தான் 1996இல் பிரசிடியோ அறக்கட்டளை சட்டம் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ நாடாளுமன்ற உறுப்பினர் நான்சி பெலோசி அதற்கு முன்னணியில் நின்றார். கடற்கரையை ஒட்டிய பகுதி பூங்காத் துறையிடம் இருக்கும். உள்பகுதி, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நிலமும் பெரும்பாலான கட்டடங்களும், அறக்கட்டளை என்ற புதிய அரசு அமைப்பிடம் போகும். ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் ஆறு பேரை அதிபர் நியமிப்பார்; ஏழாவது இடம் உள்துறைச் செயலருக்கோ (அமெரிக்காவில் பொது நிலங்களையும் பூங்காக்களையும் கவனிக்கும் அமைச்சர்) அவர் அனுப்பும் ஆளுக்கோ. 1998 ஜூலையில் அறக்கட்டளை பொறுப்பேற்றது.

இந்தச் சட்டத்தின் முதுகெலும்பே கெடுதான். ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் மானியம், கருவூலத்திலிருந்து 5 கோடி டாலர் வரை கடன், 15 ஆண்டு அவகாசம். அதற்குள் சொந்தக் காலில் நிற்காவிட்டால் நிலம் விற்பனைக்காக அரசின் சொத்து நிர்வாகத் துறைக்குப் போய்விடும். மரபுப் பாதுகாப்பில் இப்படி ஒரு நிபந்தனையைப் பார்ப்பது அபூர்வம். வருமானம் வந்தால் வரலாறு பிழைக்கும், வராவிட்டால் ஏலம்.

வாடகைப் புத்தகம்

அறக்கட்டளையின் கையில் உடனே காசாகக்கூடியது ஒன்றே ஒன்று: அதிகாரிகளும் வீரர்களும் குடியிருந்த வீடுகள். ஆயிரத்துக்கு மேல் இருந்தன. ஈயப் பூச்சைச் சுரண்டி, சுற்றியுள்ள மண்ணை மாற்றி, கம்பிகளையும் குழாய்களையும் சீர்செய்து அவற்றை ஒவ்வொன்றாகச் சந்தை வாடகைக்கு விட்டார்கள். பொது நிலத்தில் இருக்கும் வீட்டுக்குச் சந்தை வாடகையா என்ற கேள்வி அன்றே எழுந்தது. நியாயமான கேள்வி. ஆனால் மற்றக் கட்டடங்களைப் பழுதுபார்க்க முதல் பணம் அங்கிருந்துதான் வர முடியும் என்பதும் உண்மை.

அடுத்தது லெட்டர்மன் மருத்துவமனை. ராணுவ மருத்துவமனையாக அங்கே 1899இல் தொடங்கியது; 1960களின் இறுதியில் எழுந்த பத்து மாடிக் கட்டடம் ஒன்று அதன் தலையில் நின்றது. அந்தக் கட்டடத்தை இடித்து, 23 ஏக்கர் நிலத்தை ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் திரைப்பட நிறுவனத்துக்கு நீண்ட கால குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2005இல் லெட்டர்மன் டிஜிட்டல் கலை மையம் திறந்தது. நான்கு கட்டடங்கள், மீதி இடம் லாரன்ஸ் ஹால்ப்ரின் வடிவமைத்த திறந்த பூங்கா. நிலக் குத்தகை ஆண்டுக்குச் சுமார் 58 லட்சம் டாலர். அறக்கட்டளையின் வரவுசெலவு நிமிர இந்த ஒரு ஒப்பந்தமே பெரிய காரணம். மரபு வட்டாரத்துக்குள் திரைப்பட நிறுவனமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. பத்து மாடிக் கான்கிரீட் பெட்டி போய், மூன்று நான்கு மாடியில் அடங்கிய கட்டடங்கள் வந்திருக்கின்றன.

2002இல் வந்த நிர்வாகத் திட்டம் இன்னொரு கடிவாளம் போட்டது. அப்போது இருந்த கட்டடப் பரப்பு ஏறத்தாழ 59.6 லட்சம் சதுர அடி. அது இனி 56 லட்சத்தைத் தாண்டக்கூடாது. புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் எங்காவது பழையதை இடித்துக் கழிக்க வேண்டும். வாடகை ஆசை கட்டடமாகக் குவியாமல் தடுத்தது இந்த எண்தான்.

மறுபயன்பாட்டுக்கு முதலீடு யார் போடுவது? இங்கேதான் குத்தகையின் சூட்சுமம். நிலத்தை விற்பதில்லை. குத்தகைக்காரர் தன் பணத்தைப் போட்டுக் கட்டடத்தைச் சீர்செய்வார்; அந்த வேலை உள்துறைச் செயலரின் மரபுச் சீரமைப்பு நெறிகளுக்கு உட்பட்டிருந்தால் செலவில் 20 விழுக்காடு வரிச் சலுகையாகத் திரும்பக் கிடைக்கும். குத்தகைக் காலம் போதிய நீளமாக இருந்தால் சொந்தக்காரராக இல்லாதவரும் இந்தச் சலுகையைப் பெறலாம். அரசு கையைக் கடிக்காமல் பழைய கட்டடம் பிழைக்கிறது. குத்தகை முடிந்ததும் கட்டடம் திரும்ப வந்துவிடும்.

இதை ஒரு கட்டடத்தில் வைத்துப் பார்க்கலாம். தளத்தின் தெற்கு எல்லையில் 1932இல் கட்டிய பொதுச் சுகாதாரத் துறை மருத்துவமனை. 1950களில் அதன் முகப்பை மறைத்து முன்னால் இரண்டு பெரிய சிறகுகளை ஒட்டினார்கள். 1980களில் மருத்துவமனை மூடப்பட்டு, பின்னால் கட்டடமும் காலியாகிப் பாழடைந்தது. உடைந்த கண்ணாடிகள், சுவரெல்லாம் கிறுக்கல். அதை வீடுகளாக மாற்றும் திட்டம் வந்தபோது பக்கத்துத் தெருக்காரர்கள் எதிர்த்தார்கள். வீடுகளின் எண்ணிக்கை அதிகம், போக்குவரத்து தாங்காது என்றார்கள். கடைசியில் எண்ணிக்கை குறைந்தது. ஒட்டுச் சிறகுகளை இடித்து, பழைய முகப்பை வெளியே கொண்டுவந்து, 2010இல் 154 வீடுகளாகத் திறந்தார்கள். கட்டுமானக்காரருக்கு அதிகப் பரப்பு வேண்டும். மரபு விதிக்குப் பழைய முகப்பு வேண்டும். ஊருக்கு அமைதி வேண்டும். மூன்றும் இழுத்த இழுப்பில் கிடைத்த கட்டடம் அது.

அதன் பின்னால் இன்னொன்றும் இருந்தது. 1880களிலிருந்து 1912 வரை, அந்த இடத்தில் முன்பு இருந்த மருத்துவமனையில் இறந்த வணிகக் கப்பல் மாலுமிகள் ஐந்நூறு பேருக்கு மேல் அடக்கமான கல்லறை. காலப்போக்கில் மண் கொட்டி மூடி, மேலே வாகன நிறுத்தம் போட்டுவிட்டார்கள். இன்று அதன் ஓரமாக ஒரு நடைபாதையும் நினைவு மேடையும் இருக்கின்றன. படைவீரர்களுக்குத் தனியாக அழகான தேசியக் கல்லறை இருக்கும் ஒரு தளத்தில், உறவு இல்லாத மாலுமிகள் தார்ச்சாலைக்கு அடியில் போனது எப்படி என்று யோசித்தால் எந்த வரலாறு கவனம் பெறுகிறது என்பது புரியும்.

1945 என்ற கோடு

எந்த மரபு வட்டாரத்துக்கும் ஒரு காலவரம்பு வைப்பார்கள். பிரசிடியோவுக்கு 1776 முதல் 1945 வரை. அந்தக் காலத்தைச் சேர்ந்த கட்டடம் என்றால் மரபு. பின்னால் வந்தது என்றால் இடிக்கலாம். பத்து மாடி மருத்துவமனையும் ஒட்டுச் சிறகுகளும் எளிதாக இடிபட்டது இந்தக் கோட்டால்தான்.

நடைமுறைக்கு வசதியான கோடு. ஆனால் அதற்கு அப்பால் விழுந்தவற்றைப் பாருங்கள். 1951 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றும் கையெழுத்திட்ட பாதுகாப்பு உடன்படிக்கை இந்தத் தளத்தில் நடந்தது. அதே மாதம் அமெரிக்க-ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தமும் இங்கேதான் கையெழுத்தானது. 1968 அக்டோபரில் ராணுவச் சிறையில் இருந்த 27 வீரர்கள் புல்தரையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சக கைதி ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றதற்கும் வியட்நாம் போருக்கும் எதிரான அந்த மறியலுக்காக அவர்கள் மேல் கலகக் குற்றம் சாட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பாதி இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. செங்கல்லுக்கு வயது பார்க்கும் விதி, நடந்த சம்பவத்துக்கு எடை பார்ப்பதில்லை.

கோட்டுக்கு உள்ளேயும் குழப்பம் குறைவில்லை. அதிகாரிகள் மன்றம் என்ற கட்டடத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் சுவர்களில் ஒரு பகுதி ஸ்பானியர் காலத்துப் பச்சைச் செங்கல், அதாவது சூளையில் வைக்காமல் வெயிலில் காயவைத்த மண்கல். நகரத்தின் மிகப் பழைய சுவர்களில் அதுவும் ஒன்று. 1930களில் ராணுவம் இந்தக் கட்டடத்துக்கு ஸ்பானிய மாதாகோயில் பாணியில் ஒரு புது முகம் கொடுத்தது. உண்மையான ஸ்பானியச் சுவருக்கு மேல் போலி ஸ்பானிய வேடம்! இப்போது அந்த வேடத்துக்கும் வயதாகி அதுவும் மரபுச் சொத்தாகிவிட்டது. 2014இல் முடிந்த சீரமைப்பில் எதையும் உரித்து எறியவில்லை. 1930களின் தோற்றத்தை வைத்துக்கொண்டு, ஓர் அறையில் மட்டும் பூச்சை விலக்கி மண்கல்லைக் கண்ணுக்குத் தெரியும்படி விட்டார்கள். அந்த முடிவு எனக்குப் பிடித்தது. ஏதோ ஒரு காலத்துக்குத் திரும்பிப் போகப் பார்க்காமல், அடுக்கு அடுக்காக இருப்பதை அடுக்காகவே காட்டுகிறது.

ஸ்பானியர்கள் நாற்கரமாகக் கட்டிய பழைய படைவீட்டின் அடித்தளம் எங்கே என்பதே 1993 வரை சரியாகத் தெரியாது. ராணுவம் கிளம்பும் முன் ஃபன்ஸ்டன் அவென்யூவில் மண்ணுக்கடியில் இருந்த எரிபொருள் தொட்டியைத் தோண்டி எடுத்தபோதுதான் அது வெளிப்பட்டது. துப்புரவு வேலை தொல்லியல் வேலையாக மாறியது. மாசு அகற்றுவதற்காக 1999இல் ராணுவம் 10 கோடி டாலரை ஒதுக்கிப் பொறுப்பை அறக்கட்டளையிடம் விட்டது. படைத்தளத்தை ஏற்க நினைக்கும் எந்த அமைப்பும் முதலில் பேசித் தீர்க்க வேண்டிய தொகை இதுதான். கட்டடத்தைச் சீர்செய்யும் செலவு கண்ணுக்குத் தெரியும். மண்ணின் செலவு தோண்டும்போதுதான் தெரியும்.

திடலா, சதுப்பா?

வடகரையில் உள்ள கிரிஸி ஃபீல்டில் இன்னொரு வகைச் சிக்கல். அது முன்பு உப்புச் சதுப்பு. 1915 உலகக் கண்காட்சிக்காக அதைத் தூர்த்தார்கள். 1921இல் ராணுவ விமானத் திடலானது. பின்னால் தார் போட்டு, வேலி போட்டு, குப்பை சேர்ந்தது. மீட்பது என்று முடிவானபோது எதை மீட்பது? ராணுவ வரலாற்றை மதித்தால் திடல். இயற்கையை மதித்தால் சதுப்பு. பூங்காத் துறை இரண்டையும் செய்தது. ஏறத்தாழ 28 ஏக்கரில் 1920களின் புல்வெளித் திடல், பக்கத்திலேயே 20 ஏக்கர் அளவில் அலை வந்து போகும் சதுப்பு. 87,000 டன் நச்சு மண்ணையும் கழிவையும் அள்ளிய பிறகு 2001இல் திறந்தது.

அந்தத் திடலின் ஓரத்தில் 640ஆம் எண் கட்டடம் ஒன்று நிற்கிறது. பழைய விமானக் கொட்டகை. 1941 நவம்பரில், ஜப்பானோடு போர் மூளுவதற்குச் சில வாரம் முன்பு, ராணுவம் அங்கே ரகசியமாக ஒரு மொழிப் பள்ளி தொடங்கியது. 60 மாணவர்கள், அவர்களில் 58 பேர் ஜப்பானிய அமெரிக்கர்கள். சில மாதத்தில், அதே தளத்தில் தலைமையகம் வைத்திருந்த தளபதி ஜான் டிவிட், மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றும் ஆணைகளை ஒவ்வொன்றாகப் பிறப்பித்தார். ஏறத்தாழ 1.2 லட்சம் பேர் முகாம்களுக்குப் போனார்கள். மாணவர்களின் குடும்பங்களும் அதில் அடக்கம். பள்ளியே மினசோட்டாவுக்கு இடம் மாற வேண்டியதாயிற்று. அலங்காரம் ஏதும் இல்லாத அந்தக் கொட்டகையை வாடகைக்கு விட்டிருந்தால் நல்ல விலை போயிருக்கும். 2013இல் அது ஒரு நினைவுக் கற்றல் மையமாகத் திறந்தது. கெடு வைத்த சட்டத்துக்குக் கீழ் இப்படி வாடகை ஈட்டாத கட்டடத்துக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்றால், மற்றக் கட்டடங்கள் அதன் பங்கையும் சேர்த்துச் சம்பாதிக்கின்றன என்று அர்த்தம்.

நெடுஞ்சாலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் தளத்தைக் கிழித்துப் போட்ட டாயில் டிரைவ் என்ற உயர்சாலையை அகற்றிச் சுரங்கமும் சாலையுமாக மாற்றினார்கள், 2015இல் முடிந்தது. சுரங்கத்தின் தலைமேல் 14 ஏக்கர் பூங்கா 2022 ஜூலையில் திறந்தது. இந்த வேலைக்கு நடுவே 2009இல், பல பத்தாண்டுகளாக இயற்கையில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட பிரான்சிஸ்கன் மன்சனிட்டா என்ற புதர் ஒரே ஒரு செடியாகச் சாலையோரத்தில் கண்ணில் பட்டது. வேரைச் சுற்றிய சுமார் 10 டன் மண்ணோடு பெயர்த்து வேறு இடத்தில் நட்டார்கள்.

பணக்காரர்களுக்குச் சொன்ன ‘இல்லை’

தளத்தின் நடுவே அணிவகுப்புக்கான முக்கியத் திடலைச் சுற்றிய சிவப்புச் செங்கல் பாசறைகள் 1890களைச் சேர்ந்தவை. ஒன்றில் வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம் 2009இல் வந்தது. பக்கத்துப் பாசறை 2018இல் 42 அறை விடுதியானது. வெளியே அதே தாழ்வாரம், அதே ஜன்னல் வரிசை. உள்ளே புது வேலை. ராணுவம் போகும்போது திடலே வாகனம் நிறுத்தும் தார்வெளியாக இருந்தது. 2011இல் மறுபடி புல்வெளியாயிற்று.

அந்தத் திடலின் தலைமாட்டில்தான் பெரிய மோதல் நடந்தது. கேப் துணிக்கடைகளை நிறுவிய டொனால்ட் ஃபிஷர் தன் நவீன ஓவியத் தொகுப்புக்கு அங்கே ஒரு புது அருங்காட்சியகம் கட்ட 2007இல் முன்வந்தார். பணம் அவருடையது. கெடுவோடு ஓடிக்கொண்டிருந்த அறக்கட்டளைக்கு இனித்திருக்க வேண்டும். அறக்கட்டளை ஆதரவாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தியது சட்டமும் ஊரும். தேசியச் சின்னத்தைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் கட்டாய ஆலோசனை உண்டு. பூங்காத் துறை, பாதுகாப்பு அமைப்புகள், குடியிருப்போர் எல்லோரும் அதில் தலையிட்டார்கள். வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் எடுபடவில்லை. 2009இல் ஃபிஷர் பின்வாங்கினார். தொகுப்பு நகரின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போனது.

2014 பிப்ரவரியில் நடந்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. கிரிஸி ஃபீல்டை ஒட்டிய பழைய ராணுவ மளிகைக் கடை இடத்துக்கு மூன்று திட்டங்கள் இறுதிச் சுற்றில் இருந்தன. ஒன்று லூகாஸின் அருங்காட்சியகம். ஏற்கெனவே பெரிய குத்தகைக்காரர், செலவும் அவருடையது. அறக்கட்டளை மூன்றையும் நிராகரித்தது. ஐந்தே ஆண்டில் எவ்வளவு மாற்றம்! 2013ஆம் ஆண்டுக் கெடு தாண்டி, மானியம் இல்லாமல் ஓடும் நிலை வந்த பிறகுதான் அந்த ‘இல்லை’ சாத்தியமானது என்பது என் கணிப்பு. வயிறு நிறைந்தவன்தான் வாசலில் வந்த விருந்தைத் திருப்பி அனுப்புவான்.

பிரசிடியோவோடு அதே மாதம் மூடிய இன்னொரு தளம்

பிரசிடியோவை அப்படியே நகலெடுக்க நினைப்பவர்கள் இரண்டு மணி நேரத் தெற்குப் பயணத்தில் உள்ள ஃபோர்ட் ஆர்டைப் பார்க்க வேண்டும். மான்டரே விரிகுடாவில் 28,000 ஏக்கர். அதுவும் 1994 செப்டம்பரில்தான் மூடியது. அங்கே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. 2012இல் ஒரு பெரும் பகுதி தேசிய நினைவுச் சின்னமானது. ஆனால் நூற்றுக்கணக்கான மரப் பாசறைகள் ஈயப் பூச்சும் ஆஸ்பெஸ்டாஸுமாக வருடக்கணக்கில் இற்றுப்போய் நின்றன. இடிக்கவே காசில்லை. நிலம் பல உள்ளாட்சிகளுக்குப் பிரிந்தது. துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி நடந்த இடங்களில் வெடிக்காத குண்டுகள் கிடந்தன. வாடகைச் சந்தையும் சான் ஃபிரான்சிஸ்கோ அளவுக்கு இல்லை. போர்க்கால அவசரத்தில் எழுப்பிய மரக் கொட்டகையும் 1890களின் செங்கல் பாசறையும் ஒரே தரமும் அல்ல. ஒரே கையில் முழு நிலம், மூடும் முன்பே எழுதிவைத்த சட்டம், வாடகை கொடுக்க வரிசையில் நிற்கும் நகரம், இந்த மூன்றும் ஒன்றுசேராத இடத்தில் பிரசிடியோ கணக்கு ஒத்துவராது.

பிரசிடியோவின் கணக்கிலும் ஓட்டை உண்டு. வாடகை அன்றாடச் செலவைத் தாங்குகிறது. மண்ணுக்கடியில் கிடக்கும் ராணுவக் காலத்துக் குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றும் அளவுக்குப் போதவில்லை. தள்ளிப்போட்ட பராமரிப்பு சேர்ந்துகொண்டே போனது. 2022இல் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் 20 கோடி டாலர் இதற்கென்று ஒதுக்கப்பட்டது. சொந்தக் காலில் நிற்கிறது என்று சொல்லப்பட்ட அமைப்புக்குப் பத்தே ஆண்டில் மறுபடி அரசுப் பணம் வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் கதை எதிர்ப்பக்கம் திரும்பியது: அரசு அமைப்புகளைச் சுருக்கும் அதிபர் ஆணையில் பிரசிடியோ அறக்கட்டளையின் பெயரும் இருந்தது, சட்டம் கட்டாயமாக்கிய பணிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று. வாடகை வசூல், பழுதுபார்ப்பு, குத்தகை எல்லாமே 1996 சட்டம் சுமத்திய பணிகள்தான் என்பதால் வெட்டுவதற்கு அங்கே அதிகம் இல்லை.